லினக்ஸ் டிவைஸ் டிரைவர்களில் ரிட்டர்ன் மதிப்பை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவருதல்: முழுமையான வழிகாட்டி

போர்டுக்கு மின்சாரம் கொடுத்தால் டச் பேனல் ஒரு முறை வருகிறது, இன்னொரு முறை வருவதில்லை. வராதபோது கெர்னல் லாக்கில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படி நடந்தால் ஹார்டுவேரைச் சந்தேகிக்கும் முன் டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனை (சாதனத்தோடு டிரைவர் இணையும்போது ஓடுவது) திறந்து பாருங்கள். கிளாக் ஃப்ரேம்வொர்க் -517 என்று சொல்லியிருக்கும். டிரைவர் அதைக் காதில் வாங்காமல் -19 என்று மேலே அனுப்பியிருக்கும்.

-517 என்பது -ஈப்ரோப்_டிஃபர். "எனக்கு வேண்டிய கிளாக்கைத் தரும் டிரைவர் இன்னும் வரவில்லை, பிறகு மறுபடி கூப்பிடு" என்று பொருள். -19 என்பது -ஈநோடெவ், அதாவது "இந்தச் சாதனம் இங்கே இல்லை". முதல் எண் வந்தால் டிரைவர் கோர் (டிரைவர்களையும் சாதனங்களையும் இணைக்கும் கெர்னல் பகுதி) அந்தச் சாதனத்தைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டு மறுபடி முயலும். இரண்டாவது வந்தால் டீபக் நிலையில் மட்டும் ஒரு குறிப்பு எழுதிவிட்டு விலகிக்கொள்ளும். ஆக ஒரே ஒரு வரி மறுமுயற்சியையும் கெடுத்தது, தடயத்தையும் அழித்தது.

ரிட்டர்ன் மதிப்புகளைச் சீராக்குவது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல என்பதற்கு இது ஒன்றே போதும். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைச் சுற்றியே வரும்: ஒரு ஃபங்ஷன் வேறு மரபில் பதில் சொன்னால், அதை அழைத்த இடத்திலேயே, ஒரே ஒரு முறை, கெர்னலின் பொது மரபுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு அந்த எண் கைபடாமல் மேலே போக வேண்டும். எரர் கோடுகளுக்குப் பக்கத்தில் எண்ணையும் தருகிறோம். லாக்கில் உங்கள் கண்ணில் படப்போவது பெரும்பாலும் எண்தான்.

பொது மரபு எது?

கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம் இதைப் பெயரை வைத்தே தீர்மானிக்கிறது. ஃபங்ஷனின் பெயர் ஒரு செயலையோ கட்டளையையோ குறித்தால் வெற்றிக்கு 0, தோல்விக்கு எதிர்ம எரர் கோடு. பெயர் ஒரு கேள்வியாக இருந்தால் ஆம், இல்லை என்ற பூலியன். ஆவணம் தரும் உதாரணங்களே தெளிவானவை: ஆட்_வொர்க் என்பது கட்டளை, முடியாவிட்டால் -ஈபிஸி (-16) தரும், பிசிஐ_டெவ்_ப்ரெசென்ட் என்பது கேள்வி, சாதனம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

உங்கள் டிரைவருக்குள் நீங்களே எழுதிய ஃபங்ஷன்களை முதலில் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஃபூ_ரீசெட் என்று பெயர் வைத்துவிட்டு வெற்றிக்கு ட்ரூ தருவது, ஃபூ_இஸ்_ரெடி என்று பெயர் வைத்துவிட்டு தயாராக இருந்தால் 0 தருவது, இரண்டும் தவறு. வெளியிலிருந்து வருபவர் பெயரைப் பார்த்தே இஃப் கண்டிஷனை எழுதுவார். பெயரும் மதிப்பும் முரண்பட்டால் அவர் எழுதும் கண்டிஷன் தலைகீழாகத்தான் அமையும்.

வெற்றியில் ஒரு மதிப்பையும் திருப்பித் தர வேண்டியிருந்தால், ரெஜ்மேப்_ரீட் காட்டும் வழியே சிறந்தது: ரிட்டர்னில் நிலைமை, பாயிண்டர் வழியாக மதிப்பு. இரண்டையும் ஒரே இன்ட்டில் திணிப்பதைத் தவிருங்கள்.

படி 1: டிரைவர் அழைக்கும் ஃபங்ஷன்களை வகை பிரியுங்கள்

வேலையின் கனமான பகுதி இதுதான். டிரைவரில் உள்ள ஒவ்வொரு வெளி அழைப்பையும் எடுத்து, அது எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். ஃபங்ஷனின் மூலக்கோடைத் திறந்து, மேலே உள்ள குறிப்பையும் உள்ளே உள்ள ரிட்டர்ன் வரிகளையும் படித்துவிட்டுக் குறியுங்கள்.

பாயிண்டர் தருபவை. இதில் இரண்டு கூட்டம் உண்டு. டெவ்எம்_கேஇசட்அலாக், ஐஓரீமேப், டெவ்எம்_ஐஓரீமேப் ஆகியவை தோற்றால் நல் (வெற்றுப் பாயிண்டர்) தரும். (டெவ்எம் என்று தொடங்குபவை தரும் வளங்களைக் கெர்னலே பிறகு தானாக விடுவிக்கும்.) டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ், டெவ்எம்_பிளாட்ஃபார்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ், டெவ்எம்_கிளாக்_கெட், கேத்ரெட்_ரன் ஆகியவை தோற்றால் எரர் பாயிண்டர் தரும்; நல் தராது. எரர் பாயிண்டர் என்பது முகவரி வெளியின் கடைசி 4095 மதிப்புகளுக்குள் எரர் கோடை ஒளித்து வைக்கும் ஏற்பாடு. இஸ்_எர் அதைக் கண்டுபிடிக்கும், பிடிஆர்_எர் எண்ணை வெளியே எடுக்கும்.

டெவ்எம்_ஐஓரீமேப், டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் என்ற இரண்டின் பெயரிலும் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். தோல்வி மரபோ நேர் எதிர். பழைய டிரைவரை முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது நல் சோதனையை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது எரர் பாயிண்டர் சோதனையைத் தாண்டிப் போய், முதல் ரெஜிஸ்டர் வாசிப்பிலேயே கெர்னல் ஊப்ஸ் (கெர்னலுக்குள் நேரும் கடும் பிழை) ஆகும்.

"எதற்கும் இரண்டையும் பார்த்துவிடுவோம்" என்று இஸ்_எர்_ஆர்_நல் போடுவது தீர்வல்ல. அதைத் தொடர்ந்து ரிட்டர்ன் பிடிஆர்_எர் என்று எழுதினால், நல் வந்தபோது அது 0 ஆகிவிடும். தோல்வி வெற்றியாக மேலே போகும். எழுதியவருக்கு ஏபிஐ எந்த வகை என்று தெரியவில்லை என்பதையே அந்த மேக்ரோ பல இடங்களில் காட்டுகிறது. கண்ணில் பட்டால் அழைக்கப்படும் ஃபங்ஷனைப் படித்துவிட்டு, எது தேவையோ அதை மட்டும் வையுங்கள்.

ஆப்ஷனல் வகை. டெவ்எம்_கிளாக்_கெட்_ஆப்ஷனல், டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட்_ஆப்ஷனல் ஆகியவற்றில் சாதனம் இல்லை என்றால் நல் வரும். அந்த நல்லையே கிளாக்_ப்ரிப்பேர்_எனேபிள் போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். அவை ஒன்றும் செய்யாமல் 0 தரும். எனவே இஸ்_எர் மட்டும் போதும். ஆனால் டெவ்எம்_ரெகுலேட்டர்_கெட்_ஆப்ஷனல் இந்த வரிசையில் சேராது: ரெகுலேட்டர் (மின்னழுத்தம் தரும் சுற்று) இல்லை என்றால் -ஈநோடெவ் தரும். பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ_ஆப்ஷனல் இல்லாதபோது -ஈஎன்எக்ஸ்ஐஓ (-6) தரும். இந்த இரண்டுக்கும் "இந்தக் குறிப்பிட்ட கோடு மட்டும் பரவாயில்லை, மற்றதெல்லாம் தோல்வி" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எந்த எதிர்ம எண் வந்தாலும் "இல்லை போலிருக்கிறது" என்று தொடர்ந்தால், -517ஐயும் விழுங்கிவிடுவீர்கள்.

வெற்றியிலும் நேர்ம எண் தருபவை. ஐ2சி_டிரான்ஸ்ஃபர் வெற்றியில் அனுப்பிய மெசேஜ்களின் எண்ணிக்கையைத் தரும். ஐ2சி_மாஸ்டர்_செண்ட் பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும். பிசிஐ_அலாக்_ஐஆர்க்யூ_வெக்டர்ஸ் கிடைத்த வெக்டர்களின் எண்ணிக்கையைத் தரும். பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க், சாதனம் ஏற்கனவே விழித்திருந்தால் 1 தரும். ப்ரோப்பின் கடைசி வரியில் இவற்றில் ஒன்றை அப்படியே ரிட்டர்ன் செய்தால் என்ன ஆகும்? பிளாட்ஃபார்ம் பஸ்ஸில் 0 அல்லாத எதுவும் தோல்விதான். பிசிஐ பஸ்ஸோ நேர்ம எண்ணை வெற்றியாக ஏற்று, லாக்கில் எச்சரிக்கை மட்டும் எழுதும். ஒரே பிழைக்குப் பஸ்ஸைப் பொறுத்து இரண்டு விதமான விளைவு.

பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க்கில் இன்னொரு சிக்கல்: தோற்றாலும் பயன்பாட்டு எண்ணிக்கை ஏறியே இருக்கும். இறக்காமல் திரும்பினால் அந்தச் சாதனம் அதன் பிறகு தூங்கப் போகாது. கெர்னலின் 5.10 பதிப்பில் வந்த பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் வெற்றிக்கு 0 மட்டுமே தரும், தோற்றால் எண்ணிக்கையைத் தானே இறக்கிவிடும். மாற்றும்போது தோல்விப் பாதையில் எண்ணிக்கையை இறக்க இருந்த பழைய புட் அழைப்பை எடுக்க மறக்காதீர்கள். விட்டால் எண்ணிக்கை இரண்டு முறை இறங்கும்.

மீதியைச் சொல்பவை. காப்பி_ஃப்ரம்_யூசர், காப்பி_டு_யூசர் இரண்டும் நகலெடுக்க முடியாமல் மிச்சமான பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும். அதை அப்படியே மேலே அனுப்பினால், ரைட் கால்பேக்கில் "இத்தனை பைட் எழுதினேன்" என்று அர்த்தமாகிவிடும். மிச்சம் இருந்தால் -ஈஃபால்ட் (-14) என்று அங்கேயே மாற்றுங்கள். வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைமவுட் மீதமுள்ள ஜிஃபிகளை (கெர்னலின் நேர அலகு) அன்சைன்ட் லாங்காகத் தரும். 0 என்றால் நேரம் முடிந்துவிட்டது. 0ஐ வெற்றியாகப் படிப்பதும், அது ஒருபோதும் எதிர்மமாகாது என்பதை மறந்து "0ஐ விடக் குறைவா" என்று சோதிப்பதும் இங்கே நிரந்தரத் தவறுகள். இதற்கு ரெட் மாறியை (வழக்கமாக ரிட்டர்ன் மதிப்பை வாங்கும் மாறி) பயன்படுத்தாதீர்கள். டைம்_லெஃப்ட் என்று தனி மாறி வையுங்கள். பெயரே கண்டிஷனைச் சரியாக எழுத வைக்கும். 0 வந்தால் -ஈடைம்டவுட் (-110). இதன் இன்டரப்டிபிள் வடிவம் -ஈரீஸ்டார்ட்சிஸ் (-512) தரக்கூடும் என்பதால் அதற்கு மூன்று கிளை வேண்டும்.

பிசிஐ கான்ஃபிக் வாசிப்பு. பிசிஐ_ரீட்_கான்ஃபிக்_டிவேர்ட் வகையறா தோற்றால் பிசிபயாஸ் கோடுகள் வரும். சாதனம் இல்லை என்பதற்கு 0x86. இவை நேர்ம எண்கள். "0ஐ விடக் குறைவா" என்ற சோதனையில் சிக்கவே சிக்காது. பிசிபயாஸ்_எர்_டு_எர்நோ என்ற ஃபங்ஷன் வழியாக மாற்றிய பிறகே மேலே அனுப்ப வேண்டும்.

தனக்கென்று டைப் உள்ள கால்பேக்குகள். இன்டரப்ட் ஹேண்ட்லர் தர வேண்டியது ஐஆர்க்யூ_நன் (0), ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் (1), ஐஆர்க்யூ_வேக்_த்ரெட் (2). உள்ளே ரெஜிஸ்டர் வாசிப்பு தோற்றது என்பதற்காக அங்கிருந்து எரர் கோடைத் திருப்பினால் கெர்னல் அதைப் போலி மதிப்பு என்று லாக்கில் எழுதும். தோல்வியை டிரைவரின் ஸ்ட்ரக்சரில் பதித்துவிட்டு, இன்டரப்ட் உங்களுடையதா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தவறாக ஐஆர்க்யூ_நன் சொல்லிக்கொண்டே இருந்தாலும் ஆபத்து: 1,00,000 இன்டரப்டில் 99,900க்கு மேல் யாரும் ஏற்காமல் போனால் கெர்னல் அந்த லைனையே முடக்கிவிடும். நெட்வொர்க் டிரைவரின் டிரான்ஸ்மிட் கால்பேக்கிலும் இதே ஒழுங்கு. அங்கே நெட்டெவ்_டிஎக்ஸ்_ஓகே, நெட்டெவ்_டிஎக்ஸ்_பிஸி.

டிஎம்ஏ_மேப்_சிங்கிள் தரும் முகவரியை நல்லோடும் 0வோடும் ஒப்பிடக் கூடாது. டிஎம்ஏ_மேப்பிங்_எரர் மட்டுமே அதற்கு.

படி 2: மாறியின் டைப்பைச் சரிபாருங்கள்

மரபு சரியாக இருந்தும் டைப் தவறினால் எல்லாம் வீண். ஐ2சி_எஸ்எம்பஸ்_ரீட்_பைட்_டேட்டா ஒரு பைட்டையோ எதிர்ம எரர் கோடையோ எஸ்32வில் (குறியுள்ள 32 பிட் எண்) தரும். அதை நேரடியாக யு8இல் (குறியில்லாத 8 பிட் எண்) வாங்கினால் -6 என்பது 250 ஆகிவிடும். பஸ்ஸில் சிப் பதிலே சொல்லவில்லை. டிரைவரோ சென்சார் 250 காட்டுவதாக நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். முதலில் இன்ட்டில் வாங்கி, சோதித்த பிறகே சிறிய டைப்புக்கு மாற்றுங்கள்.

இன்டரப்ட் எண்ணுக்கும் இதுவே. பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ எதிர்ம எண் தரும், எனவே இன்ட் வேண்டும். பழைய ஐஆர்க்யூ_ஆஃப்_பார்ஸ்_அண்ட்_மேப் அன்சைன்ட் இன்ட் தரும், தோல்விக்கு 0. முதலாவதை ஸ்ட்ரக்சரில் உள்ள அன்சைன்ட் புலத்தில் போட்டுச் சோதித்தால் தோல்வி ஒருபோதும் பிடிபடாது.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ஐ2சி_டிரான்ஸ்ஃபர் தந்த ரெட் மாறியை "அரே_சைஸை விடக் குறைவா" என்று கேட்டால், அரே_சைஸ் அன்சைன்ட் என்பதால் சி மொழி ரெட்டையும் அன்சைன்ட் ஆக்கிவிடும். -5 மிகப் பெரிய நேர்ம எண்ணாகி, கண்டிஷன் பொய்யாகும். சைஸ்ஆஃப் உடன் ஒப்பிடுவதிலும் இதே பொறி. எதிர்மச் சோதனையைத் தனியாக, முதலில் வையுங்கள்:

ரெட் = ஐ2சி_டிரான்ஸ்ஃபர்(அடாப்டர், மெசேஜஸ், 2);
இஃப் (ரெட் < 0)
    ரிட்டர்ன் ரெட்;
ரிட்டர்ன் ரெட் == 2 ? 0 : -ஈஐஓ;

இந்த நான்கு வரியையும் டிரைவரில் ஒரே ஒரு சிறு ஃபங்ஷனுக்குள் வைத்து, மற்ற எல்லா இடங்களும் அதையே அழைக்கட்டும். "அழைத்த இடத்திலேயே ஒரு முறை மாற்றுவது" என்று மேலே சொன்னதன் உருவம் இதுதான். ஒரு டிரைவரில் ஐ2சி_டிரான்ஸ்ஃபர் இருபது இடத்தில் நேரடியாக அழைக்கப்பட்டால் இருபது விதமான கண்டிஷன் இருக்கும். சிலவற்றில் -ஈஐஓ (-5), சிலவற்றில் -1, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. வெறும் -1 என்று எழுதியிருந்தால் அதைக் கட்டாயம் மாற்றுங்கள். கெர்னலில் -1 என்றால் -ஈபெர்ம், அதாவது "அனுமதி இல்லை". பயனர் ரூட் உரிமையோடு மறுபடி முயன்று நேரத்தை வீணாக்குவார்.

படி 3: கருவிகளைக் கொண்டு தேடுங்கள்

கண்ணால் படிப்பதற்கு முன்பே கருவிகளை ஓட்டிவிடுவது நல்லது. கெர்னல் மூலத்திலேயே ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் காக்சினெல் (கோடில் ஒரே மாதிரியான பிழைகளைத் தேடும் கருவி) ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன; மேக் காக்சிசெக் என்று மோட் மாறியை ரிப்போர்ட் ஆக்கி, எம் மாறியில் உங்கள் டிரைவரின் பாதையைக் கொடுத்தால் போதும். இஸ்_எர் ஒரு மாறியையும் பிடிஆர்_எர் வேறு மாறியையும் பார்க்கும் வெட்டி ஒட்டிய பிழை, பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூவுக்குப் பிறகு தேவையில்லாமல் அச்சிடும் செய்தி ஆகியவற்றை அவை பிடிக்கும். (5.4 பதிப்பிலிருந்து அந்த ஃபங்ஷன் தானே பிழையை அச்சிடுகிறது.)

இந்த வேலைக்கு ஸ்மாட்ச் (கோடை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் கருவி) இன்னும் கூர்மையானது. தோல்விப் பாதையில் ரெட் மாறியில் எரர் கோடை வைக்க மறந்தது, அன்சைன்ட் மாறியை 0ஐ விடக் குறைவா என்று கேட்பது, பிடிஆர்_எர்ருக்கு 0 போவது, இந்த மூன்றையும் தனித்தனி எச்சரிக்கையாகத் தரும். இவற்றில் முதல் வகையை மனிதக் கண் எளிதில் தவறவிடும். பத்துப் பன்னிரண்டு கோட்டூ (வேறு வரிக்குக் குதிக்கும் கட்டளை) உள்ள ப்ரோப் ஃபங்ஷனில் ஒரே ஒரு இடத்தில் ரெட் ஒதுக்கப்படாமல் குதித்தால், முந்தைய வெற்றிகரமான அழைப்பு விட்டுச்சென்ற 0 மேலே போகும். வளங்கள் எல்லாம் விடுவிக்கப்பட்டிருக்கும். கெர்னலோ டிரைவர் நன்றாக இணைந்துவிட்டதாக நினைக்கும். பிறகு யாராவது அந்தச் சாதனத்தைத் திறக்கும்போது வெடிக்கும்.

இதே காரணத்தால் ஃபங்ஷனின் தலையில் ரெட் = 0 என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாதுகாப்பு மாதிரி தெரியும் அந்த வரி, கம்பைலர் தந்திருக்க வேண்டிய எச்சரிக்கையை அடக்கிவிடுகிறது. ஒதுக்காமல் விட்டு, எல்எல்விஎம்=1 கொடுத்துக் கிளாங்கில் ஒரு முறை கம்பைல் செய்யுங்கள்; எந்தக் கிளையில் மதிப்பு வைக்கப்படவில்லை என்று வரி எண்ணோடு சொல்லும்.

செக்பேட்ச் ஸ்கிரிப்டையும் ஓட்டுங்கள். நேர்ம எரர் கோடு திருப்புவது, -ஈநாட்சப் (-524) பயன்படுத்துவது, சிஸ்டம் காலுக்கு வெளியே -ஈநோசிஸ் (-38) பயன்படுத்துவது ஆகியவற்றைச் சுட்டும். -524 கெர்னலுக்குள் மட்டும் பொருளுள்ள எண். பயனர் பக்கம் கசிந்தால் "தெரியாத பிழை 524" என்றுதான் தெரியும். பயனர் பக்கம் போகும் இடங்களில் அதற்குப் பதில் -ஈஆப்நாட்சப் (-95).

படி 4: ப்ரோப் ஃபங்ஷனைத் திருத்துங்கள்

திருத்தத்தை எப்போதும் ப்ரோப்பில் தொடங்குங்கள். அதிகமான அழைப்புகளும் அதிகமான வெளியேறும் பாதைகளும் அங்கேதான் இருக்கின்றன.

முதல் சுற்றில் ஒரே வேலை: கீழிருந்து வந்த எரர் கோடை வேறொன்றாக மாற்றும் வரிகளை நீக்குவது. இஸ்_எர் என்றால் ரிட்டர்ன் -ஈநோடெவ், ரெட் இருந்தால் ரிட்டர்ன் -ஈஇன்வால் (-22) என்ற வடிவில் இருப்பதையெல்லாம் பிடிஆர்_எர் ஆகவும் ரெட் ஆகவும் ஆக்குங்கள். விதிவிலக்கு உண்டு: கீழே உள்ள ஃபங்ஷனின் கோடு மேலே தவறான பொருள் தரும் என்றால் மாற்றலாம். அப்படி மாற்றும் இடத்தில் ஏன் என்று ஒரு வரிக் குறிப்பு இருக்க வேண்டும். குறிப்பில்லாத மாற்றத்தை அடுத்தவர் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார், அது நியாயம்தான்.

இரண்டாவது சுற்று, செய்திகள். 5.9 பதிப்பில் வந்த டெவ்_எர்_ப்ரோப் ஃபங்ஷனுக்குள் எரர் கோடைக் கொடுத்தால், செய்தியையும் கோடின் பெயரையும் அச்சிட்டு, அதே கோடைத் திருப்பித் தரும். எனவே ரிட்டர்ன் டெவ்_எர்_ப்ரோப்(டெவ், ரெட், "கிளாக் கிடைக்கவில்லை\n") என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அச்சிட்ட எண் ஒன்று, திருப்பிய எண் வேறு என்ற குழப்பத்துக்கே இடமில்லை. -517 வந்தால் லாக்கை நிரப்பாமல், காரணத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். டீபக்எஃப்எஸ்ஸில் (பிழை தேடுவதற்காகக் கெர்னல் தரும் கோப்பமைப்பு) டிவைசஸ்_டிஃபர்ட் என்ற கோப்பைப் படித்தால் எந்தச் சாதனம் எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரியும். டெவ்எம்_கேஇசட்அலாக் தோல்விக்கு மட்டும் செய்தி வேண்டாம், மெமரி பக்கமிருந்தே போதுமான அளவு அச்சாகும். -ஈநோமெம் (-12) என்று திருப்பினால் போதும்.

மூன்றாவது சுற்று, விடுவிக்கும் வரிசை. கோட்டூ லேபிள்களுக்கு எர்1, எர்2 என்று எண் வைத்திருந்தால் எர்_டிஸேபிள்_கிளாக் என்பதுபோல் செய்யும் வேலையைப் பெயராக்குங்கள். வாங்கிய வரிசைக்கு நேர் எதிராக விடுவிப்பு இருக்க வேண்டும். டெவ்எம் வகையையும் கைமுறை வகையையும் கலந்திருந்தால் கவனம் தேவை: டெவ்எம் வளங்கள் ரிமூவ் ஃபங்ஷன் (சாதனத்திலிருந்து டிரைவர் பிரியும்போது ஓடுவது) முடிந்த பிறகே விடுவிக்கப்படும். டெவ்எம்மில் இன்டரப்ட் வாங்கிவிட்டு, கிளாக்கை ரிமூவில் கையால் நிறுத்தினால், நடுவே ஒரு இன்டரப்ட் வந்து, கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைத் தொடும். கைமுறை வேலைகளை டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட் மூலம் அதே சங்கிலியில் சேர்த்துவிட்டால் பெரும்பாலான லேபிள்களே தேவைப்படாது. அந்த ஃபங்ஷனும் தோற்கக்கூடியதுதான்; அதன் ரிட்டர்னையும் சோதியுங்கள். தோற்றால் ஒப்படைத்த வேலையை அதுவே செய்து முடித்துவிடும், நீங்கள் மறுபடி செய்யக் கூடாது.

6.5 பதிப்பிலிருந்து கார்ட், ஃப்ரீ என்ற தானியங்கி விடுவிப்பு வசதிகளும் உண்டு. ஒரே ஃபங்ஷனுக்குள் அவற்றையும் கோட்டூவையும் கலக்காதீர்கள். முழுதாக மாறுங்கள் அல்லது தொடாமல் விடுங்கள்.

படி 5: ரிமூவ்

இங்கே சீராக்கம் என்பது எரர் கோடையே எடுத்துவிடுவதுதான். ரிமூவ் ஃபங்ஷன் எதிர்ம எண் தந்தாலும் டிரைவர் கோர் சாதனத்தைப் பிரிப்பதை நிறுத்தாது. அது தெரியாமல் பாதியில் -ஈபிஸி என்று திரும்பிய டிரைவர்கள் மெமரியையும் இன்டரப்டையும் அப்படியே விட்டுச் சென்றன. அதனால்தான் பஸ் பஸ்ஸாக இது வாய்ட் (எதையும் திருப்பாதது) ஆக்கப்பட்டது: ஐ2சியில் 6.1 பதிப்பு, பிளாட்ஃபார்ம் டிரைவர்களுக்கு 6.3இல் ரிமூவ்_நியூ என்ற இடைக்கால வடிவம், 6.11இல் ரிமூவே வாய்ட். பழைய மூலத்தைப் புதிய கெர்னலுக்கு நகர்த்துபவர்கள் டைப்பை மட்டும் மாற்றிவிட்டு நடுவில் இருந்த ரிட்டர்னை வெறும் ரிட்டர்னாக விட்டுவிடுகிறார்கள். கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும், கசிவு நீடிக்கும். ஒவ்வொரு தோல்வியிலும் எச்சரிக்கை எழுதிவிட்டு மீதி விடுவிப்பைத் தொடருங்கள்.

படி 6: யூசர் ஸ்பேஸை (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களை) தொடும் இடங்கள்

சிஸ்எஃப்எஸ் (சாதன அமைப்புகளைப் பயனருக்குக் கோப்புகளாகக் காட்டும் இடம்) ஸ்டோர் ஃபங்ஷன் வெற்றியில் தனக்கு வந்த முழு எண்ணிக்கையைத் திருப்ப வேண்டும். 0 திருப்பினால் "ஒன்றும் எழுதப்படவில்லை" என்று பொருள். சில நிரல்கள் மறுபடி மறுபடி எழுதிச் சுழன்றுகொண்டே இருக்கும். ஷோ ஃபங்ஷனில் சிஸ்எஃப்எஸ்_எமிட் தரும் எண்ணை அப்படியே திருப்பலாம். தெரியாத ஐஆக்டில் (நிரல்கள் சாதனத்துக்குத் தரும் தனிக் கட்டளை) கட்டளைக்கு -ஈநோடிடிஒய் (-25), -ஈஇன்வால் அல்ல. கட்டளை தெரியும், ஆனால் உள்ளே வந்த மதிப்பு தவறு என்றால்தான் -ஈஇன்வால்.

இந்தப் பகுதியில் கை அடக்கம் வேண்டும். பத்து வருடமாக ஒரு ஐஆக்டில் தவறான எரர் கோடைத் தந்துகொண்டிருந்தால், அந்தத் தவறான எண்ணை எதிர்பார்த்தே எழுதப்பட்ட நிரல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம். யூசர் ஸ்பேஸை உடைக்கக் கூடாது என்பது கெர்னலின் உறுதியான கொள்கை. கெர்னலுக்குள்ளேயே முடிந்துவிடும் கோடுகளைத் தாராளமாகத் திருத்துங்கள். பயனருக்குத் தெரியும் கோடுகளைத் திருத்தும் முன் அதைப் பயன்படுத்தும் லைப்ரரிகளின் மூலத்தைத் தேடிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பழைய எண்ணையே வைத்து, காரணத்தைக் குறிப்பாக எழுதிவிடுங்கள்.

படி 7: தோல்வியை வரவழைத்துச் சோதியுங்கள்

தோல்விப் பாதைகள் சாதாரண ஓட்டத்தில் ஒரு முறைகூட இயங்குவதில்லை. சோதிக்காத திருத்தம், சோதிக்காத பழைய பிழையை விட மேலானது என்று சொல்ல முடியாது.

கெர்னலை ஃபால்ட் இன்ஜெக்ஷன் (செயற்கைத் தோல்வி), ஃபெயில்ஸ்லாப் (மெமரி ஒதுக்கீட்டைத் தோற்கச் செய்வது), கேமெம்லீக் (மெமரிக் கசிவைத் தேடுவது) மூன்றும் இயக்கத்தில் இருக்கக் கம்பைல் செய்யுங்கள். டீபக்எஃப்எஸ்ஸில் ஃபெயில்ஸ்லாப் கோப்புறைக்குள் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் என்பதில் என் என்று எழுதுங்கள். இயல்பாக அது ஒய் என்று இருப்பதால் ஜிஎஃப்பி_கெர்னல் என்ற வழக்கமான மெமரி ஒதுக்கீடுகள் தோற்கவே மாட்டா, சோதனை ஒன்றும் காட்டாது. பிறகு ஒரு சிறு சி நிரல் எழுதுங்கள். அது ப்ராக்எஃப்எஸ்ஸில் தன் த்ரெட்டின் ஃபெயில்-என்த் கோப்பையும், டிரைவரின் சிஸ்எஃப்எஸ் பைண்ட் கோப்பையும் முதலிலேயே திறந்து வைத்துக்கொள்ளட்டும். அடுத்து ஃபெயில்-என்த்தில் 1 என்று எழுதி, உடனே பைண்டில் சாதனத்தின் பெயரை எழுத வேண்டும். முதல் ஒதுக்கீடு தோற்கும். அடுத்த சுற்றில் 2, பிறகு 3. ஒவ்வொரு சுற்றிலும் ஃபெயில்-என்த்தைத் திரும்பப் படியுங்கள்: 0 என்றால் தோல்வி நிகழ்ந்தது, நேர்ம எண் என்றால் அத்தனையாவது ஒதுக்கீடே வரவில்லை, அங்கே நிறுத்தலாம். ஷெல்லில் எக்கோ போட்டும் செய்யலாம், ஆனால் கோப்பைத் திறக்கும்போது நடக்கும் ஒதுக்கீடுகளும் கணக்கில் சேர்ந்து எண் நகர்ந்துவிடும்.

ஒவ்வொரு சுற்றிலும் பார்க்க வேண்டியவை மூன்று. பைண்ட் தோற்றதாகச் சொன்னதா? ஒதுக்கீடு தோற்றும் பைண்ட் வெற்றி என்றால், அந்தத் தோல்வியை விழுங்கிய இடத்தைத் தேடிப் பிடியுங்கள். டீபக்எஃப்எஸ் கோப்பு உருவாக்கம் போல வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடப்படுபவையும் இருக்கலாம். அடுத்து, வந்த கோடு -12தானா? வேறாக இருந்தால் நடுவில் யாரோ மாற்றுகிறார்கள். கடைசியாகக் கேமெம்லீக்கில் ஸ்கேன் என்று எழுதிக் கசிவு உண்டா என்று பாருங்கள்.

-517 பாதையைச் சோதிக்க, கிளாக் அல்லது ரெகுலேட்டர் தரும் டிரைவரை மாட்யூலாக்கி, உங்கள் டிரைவருக்குப் பிறகு ஏற்றுங்கள். ஏற்றும் முன் டிவைசஸ்_டிஃபர்ட் பட்டியலில் உங்கள் சாதனம் இருக்க வேண்டும். ஏற்றியதும் தானாக இணைய வேண்டும்.

படி 8: பேட்ச்களைப் பிரித்து அனுப்புங்கள்

உண்மையான பிழைத் திருத்தமும் வெறும் ஒழுங்குபடுத்தலும் ஒரே பேட்சில் வரக் கூடாது. விழுங்கப்பட்ட -517, யு8இல் வாங்கிய எதிர்ம எண், விடுபட்ட எரர் கோடு ஆகியவை பிழைத் திருத்தங்கள். அவை தொடரின் தலையில் வரட்டும். பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் 12 எழுத்து அடையாளத்தோடு ஃபிக்ஸஸ் வரியைச் சேருங்கள், அப்போதுதான் ஸ்டேபிள் கிளைகளுக்கு எளிதாக எடுத்துச் செல்வார்கள். டெவ்_எர்_ப்ரோப் மாற்றம், லேபிள் பெயர்கள் எல்லாம் அதற்குப் பின்.

கமிட் செய்தியில் எந்த ஃபங்ஷன் எந்த மதிப்பைத் தருகிறது, டிரைவர் அதை எப்படித் தவறாகப் படித்தது, அதனால் பயனருக்கு என்ன நேர்ந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். கருவி கண்டுபிடித்தது என்றால் கருவியின் பெயரையும், ஹார்டுவேரில் சோதிக்கவில்லை என்றால் கம்பைல் மட்டும் செய்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். நூறு டிரைவரை ஒரே பேட்சில் திருத்துவதை விட, சப்சிஸ்டம் வாரியாகப் பிரித்து, கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் காட்டும் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புவது நல்லது. முதலில் ஒரு சப்சிஸ்டத்தில் நான்கைந்து டிரைவருக்கு மட்டும் அனுப்பி, வரும் பதிலைப் பார்த்துவிட்டு மீதியைத் தொடருங்கள். அங்குள்ள பராமரிப்பாளர் விரும்பும் வடிவம் உங்கள் வடிவத்திலிருந்து மாறுபட்டால், நூறு பேட்சைத் திரும்ப எழுத வேண்டியிருக்காது.